வள்ளி கிடந்த குழி: கருவில் இருக்கும் உயிரைப் பற்றி ஒரு பாடம்

ஓம் சரவணபவ!

"அண்ணா, கருக்கலைப்பு பாவமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தாங்க. ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

*1. நம் பெரியோர் என்ன சொன்னார்கள்?*

கருவும் உயிர்தான் என்பது நம் சைவ மரபு. திருவாசகத்தில் போற்றித் திருவகவலைப் படிச்சுப் பாருங்க. கருவில் இருக்கும் உயிர் மாதம் மாதமாக எத்தனை ஆபத்தைத் தாண்டி வருகிறது என்று மாணிக்கவாசகர் எண்ணி எண்ணிச் சொல்கிறார். அதனால் கருவைக் கலைப்பது நமக்கு ஒருநாளும் சாதாரண விஷயம் ஆகாது.

அதே சமயம், சுமக்கிற தாயும் ஓர் உயிர். 1971-ல் வந்த சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தோடும், சில நிலையில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர் கருத்தோடும் அனுமதிக்கிறது. உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை, வளர வாய்ப்பில்லாத கரு என்று கண்ணீரோடு அந்த முடிவுக்கு வருகிற பெண் இருக்கிறாள். அவளைக் கொலைகாரி என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது? அவள் பாரம் முருகனுக்குத் தெரியும்.

*2. வாதமே தேவையில்லாத ஓர் இடம்*

ஆனா "பொண்ணு" என்பதற்காகவே கலைப்பது? அதில் இரண்டு பக்கமே கிடையாது. சட்டமும் 1994-லேயே தடுத்துவிட்டது. கருவில் ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதே குற்றம். ஸ்கேன் சென்டரில் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீங்க.

இது எங்கேயோ வடநாட்டுக் கதை என்று நினைக்காதீங்க. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 6 வயது வரையுள்ள குழந்தைகளில், தமிழ்நாட்டில் 1000 ஆணுக்கு 943 பெண். நம்ம கடலூர் மாவட்டத்தில் 896! இயற்கையாகப் பிறந்தால் 1000-க்கு 950 அளவில் இருக்கணும். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், அந்தக் கணக்கு வந்த பிறகு 2011-ல் கடலூருக்கும் நீட்டிக்கப்பட்டது. வீராணம் ஏரித் தண்ணியில் விளைந்த நெல்லைச் சாப்பிடுகிற ஊர்தான் நாம். சோத்துக்குப் பஞ்சமில்லாத மண்ணிலும் பொண்ணு பாரமாகத் தெரிந்திருக்கிறாள். வரதட்சணைக் கணக்கும், "கொள்ளி போட ஒரு பையன் வேணும்" என்கிற பேச்சும்தான் காரணம்.

*3. முருகன் காட்டிய வழி*

கந்தபுராணத்தில் வள்ளி எப்படிக் கிடைத்தாள்? பெற்ற மான், மனிதக் குழந்தையைப் பார்த்து மிரண்டு விட்டுவிட்டு ஓடிவிட்டது. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த பெண் குழந்தை அவள். வேடர் தலைவன் நம்பிக்கு ஏற்கெனவே ஆண் பிள்ளைகள் உண்டு. அவன் ஏங்கியதே ஒரு பெண் குழந்தைக்குத்தான்! அள்ளி எடுத்து வளர்த்தான். தேவசேனாபதி அந்தப் பெண்ணைத் தேடித் தினைப்புனத்துக்குக் கால்நடையாக வந்தான், கிழவனாக வேடம் போட்டான், கெஞ்சினான்.

குழியில் கிடந்த குழந்தையை வேண்டாம் என்று நம்பி விட்டிருந்தால், நமக்கு வள்ளி மணாளன் ஏது?

"சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று நம்ம வீட்டில் சொல்வாங்க. அகப்பையில் *பையன்* வரும் என்று யாரும் சொல்லவில்லை. விரதம் இருந்து கேட்டுவிட்டு, கொடுத்ததைத் திருப்பி அனுப்புவது பக்தியா?

விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் நாம எல்லாத்துக்கும் பிராது கட்டுகிறோம். பிறக்காமல் போன நம்ம மாவட்டத்துப் பெண் குழந்தைகள் பிராது கட்டினால், அதில் யார் பேர் இருக்கும்?

*4. இந்தக் கிருத்திகைக்கு நாம செய்ய வேண்டியது*

• கர்ப்பிணி அக்காவிடம் "என்ன குழந்தை வேணும்?" என்று கேட்காதீங்க. "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்க.

• இரண்டாவதும் பொண்ணு பிறந்த வீட்டுக்கு முதல் ஆளா ஸ்வீட்டோட போங்க.

• தம்பிகளே, வரதட்சணை வாங்க மாட்டேன் என்று வேல் முன்னால் இன்றே சொல்லுங்க. கலைக்கச் சொல்லும் கை அங்கேதான் பலம் பெறுகிறது.

• வீட்டில் யாராவது ஸ்கேன் பார்க்கச் சொல்லியோ கலைக்கச் சொல்லியோ மிரட்டினால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளைப் பெறாத கார்த்திகைப் பெண்கள்தான் பாலூட்டினார்கள். "கலைக்காதே" என்று சொல்கிற வாய் நமக்கு இருந்தால், பிறகு தாயையும் சேயையும் தாங்குகிற கையும் வேண்டும்.

வள்ளி மணாளனுக்கு அரோகரா!