இளவரசிக் கதை எழுதப்போகிறவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

பள்ளிக்கூடம் போய்வரும் சாதாரணப் பெண் ஒருத்தி, தான் ஒரு நாட்டின் இளவரசி என்று ஒருநாள் தெரிந்துகொள்கிறாள். பதின்பருவத்தினருக்கான ஆங்கில நாவல்களில் இதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. மெக் கேபட்டின் 'தி பிரின்சஸ் டைரீஸ்' (2000) அதில் மிகவும் பேர்போனது. இப்படி ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, இந்தக் கதைகளை நெடுநாளாகப் படித்துவரும் மூத்தவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

1. அரண்மனையை வரைவதற்கு முன் வீட்டு ரகசியத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். யார் மறைத்தார்கள், எதற்காக மறைத்தார்கள், இத்தனை வருடம் கழித்து ஏன் இப்போது சொல்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். கேபட்டின் நாவலில், நியூயார்க்கில் ஓவியரான அம்மாவுடன் வளரும் மியாவுக்கு, அப்பா ஜெனோவியா என்ற குட்டி நாட்டை ஆள்பவர் என்பது 14 வயதில்தான் தெரியவருகிறது. புற்றுநோய் வந்துபோன பிறகு அவருக்கு இனிக் குழந்தை பிறக்காது. ஆகவே இவள்தான் வாரிசு. மகளுக்கு உண்மை தெரியட்டும் என்று நினைத்து அவர் சொல்லவில்லை. நாட்டுக்கு வாரிசு தேவைப்பட்டது, சொன்னார். கேபட்டின் நகைச்சுவைக்கு அடியில் இந்தக் காயம் கிடக்கிறது.

2. வாரிசுச் சட்டத்தை ஒரு தாளில் எழுதி மேசை மேல் வையுங்கள். கற்பனை நாடு என்றாலும் சட்டம் வேண்டும். மொனாக்கோவில் உண்மையாகவே நடந்ததைப் பாருங்கள். பட்டத்து இளவரசர் லூயிக்கு முறையான வாரிசு இல்லை. அரியணை ஜெர்மானிய உறவினர் ஒருவருக்குப் போய்விடும் நிலை. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளுமா? திருமணத்துக்கு வெளியே 1898-இல் அவருக்குப் பிறந்த மகள் சார்லட்டை, தத்தெடுக்கச் சட்டத்தில் வழி செய்து, 1919-இல் இளவரசியாக்கினார்கள். 1944-இல் சார்லட் தன் உரிமையை மகன் ரெய்னியேவுக்கு விட்டுக்கொடுத்தார். அரியணையில் அமரவே இல்லை. இந்த வாழ்க்கையின் திருப்பங்கள் எல்லாம் சட்டத்திலிருந்தும் போரிலிருந்தும் வந்தவை. சட்டம் தெரிந்தால் கதையின் முடிச்சு தானாக வந்து விழும்.

3. சட்டம் கதவைச் சாத்துவதும் நல்ல கதைதான். எமிகோ ஜீனின் 'டோக்கியோ எவர் ஆஃப்டர்' (2021) நாவலில் கலிபோர்னியாப் பெண் இசுமி, தன் அப்பா ஜப்பானின் பட்டத்து இளவரசர் என்று கண்டுபிடிக்கிறாள். ஜப்பானியச் சட்டப்படி பெண் அரியணை ஏற முடியாது. ஆட்சி அவள் கைக்கு வராது என்பதால், அப்பா கிடைப்பாரா என்ற கேள்வி மட்டும் சுத்தமாக நிற்கிறது.

4. சாதாரண வாழ்க்கையைச் சாதாரணமாக எழுதிவிடாதீர்கள். மியாவுக்கு அல்ஜீப்ரா வராது. அந்தப் பாட வாத்தியாரோடுதான் அம்மா பழக ஆரம்பிக்கிறாள். இசுமி வளரும் மவுண்ட் சாஸ்டாவில் அவளைப் போல முகம் உள்ளவர்கள் மிகக் குறைவு; டோக்கியோவுக்குப் போனாலோ மொழியும் தெரியாது, முறையும் தெரியாது. பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு தொல்லை இருக்கட்டும். இளவரசிச் செய்தி அதைத் தீர்த்துவைக்கக் கூடாது. பட்டம் வந்தாலும் அல்ஜீப்ரா பரீட்சை வரத்தான் செய்யும்.

5. நம் நாட்டுப்புறக் கதைகளில் பட்டத்து யானை வந்து ஏழையின் கழுத்தில் மாலையைப் போடும். பெரும்பாலும் அதோடு கதை சுபம். நாவலில் மாலை விழுவது தொடக்கம். அதை ஐம்பதாவது பக்கத்துக்குள் போட்டுவிடுங்கள். வாசகருக்கு அட்டையைப் பார்த்தவுடனே விஷயம் தெரிந்துவிடும்; தெரிந்ததை இருநூறு பக்கம் மூடி வைக்காதீர்கள்.

6. அலங்காரக் காட்சி அரைப் பக்கம் போதும். முடியைத் திருத்தி, கண்ணாடியைக் கழற்றி அழகியாக்குவதைத் திரைப்படம் நன்றாகச் செய்யும். 2001-இல் ஆன் ஹாத்வே நடித்து வந்த 'தி பிரின்சஸ் டைரீஸ்' படத்தில் அது பேர்போன காட்சி. அதே படம் நாவலில் உயிரோடு இருக்கும் அப்பாவை இறந்தவராக்கி, கதையை நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நகர்த்தியது. ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த பாட்டியின் பாத்திரம் வளர்ந்தது. ஆனால் மகள் எதிரே நின்று கோபப்பட வேண்டிய ஆள் போய்விட்டார். நாவல் எழுதுகிறவர்கள் அந்த ஆளைக் கொல்லாதீர்கள்.

7. பெண்ணுக்குப் பேரம் பேசத் தெரியட்டும். பாட்டியிடம் இளவரசிப் பாடம் கற்க மியா சும்மா சம்மதிக்கவில்லை. நாளொன்றுக்கு 100 டாலர் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்புக்கு அப்பா கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் யார் என்பது அந்த ஒரு நிபந்தனையில் தெரிந்துவிடுகிறது.

8. தமிழ்நாட்டில் வைத்து எழுதுவதானால் வரலாற்றை மதியுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்தது. 1971-இல் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் பட்டங்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கிவிட்டது. ஆகவே இன்றைய தமிழ் இளவரசிக்கு நாடு கிடைக்காது. பாகப்பிரிவினை வழக்கும், ஒழுகும் மாளிகையும், முகம் கொடுக்காத உறவுக்காரர்களும் கிடைக்கலாம். குறையாக நினைக்காதீர்கள், இவ்வளவு நல்ல சரக்கு ஜெனோவியாவில்கூடக் கிடையாது. கதையைத் தலைகீழாக்கவும் செய்யலாம். ஐலிஸ் ஓ'நீலின் 'தி ஃபால்ஸ் பிரின்சஸ்' (2011) நாயகி, தான் இளவரசியே இல்லை, உண்மையான இளவரசிக்குப் பதிலாக வைக்கப்பட்டவள் என்று 16 வயதில் அறிகிறாள். அங்கேயும் கேள்வி அதேதான்: என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

9. முடிவைக் காதலனிடமோ முடிசூட்டு விழாவிடமோ ஒப்படைக்காதீர்கள். பிறப்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. ரகசியத்தையும் அவள் கேட்டு வாங்கவில்லை. ஆகவே கடைசியில் ஒரு காரியமாவது அவள் முடிவாக இருக்க வேண்டும். மியாவின் கதையில், மூதாதையான இளவரசி ஒருத்தி மக்களாட்சிக்கு வழிசெய்து கையெழுத்திட்ட ஆவணம் அகப்படுகிறது. அதை மூடி மறைத்தால் அவள் குடும்பத்துக்கு லாபம். மியா ஊரறியச் சொல்லிவிடுகிறாள். தன்னிடம் உண்மையை மறைத்து வைத்திருந்த குடும்பத்தில், மறைக்க மறுக்கும் முதல் ஆளாக அவள் ஆகிறாள். உங்கள் நாயகி எதை மறைக்க மறுப்பாள் என்று தெரிந்த பிறகு எழுத உட்காருங்கள்.