திரும்பி வரும் வரி டெபாசிட்டும் அதன் வட்டியும்

கடன் கொடுத்தவன் வட்டி கேட்பது உலக வழக்கம். ஆனால், சர்க்காரிடம் கட்டிய வரிப்பணம் திரும்பி வரும்போது மட்டும், முதல் கிடைத்ததே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

இன்று கிராமங்களில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் எண்ணெய்ச் செக்குகளும் பெருகி வருகின்றன. விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அவை சரக்கு, சேவை வரி கட்ட வேண்டும். அதிகாரி விதித்த வரி மிகையென்று கருதி அப்பீல் செய்வோர், தாம் ஒப்புக்கொண்ட வரி முழுவதையும், தகராறிலுள்ள வரியில் 10 சதவீதத்தையும் முன்னதாகவே கட்ட வேண்டும். இந்தப் பத்து சதவீதமே டெபாசிட் ஆகும்.

அப்பீலில் வெற்றி பெற்றால் அத்தொகை திரும்பி வரும். 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி, பணம் கட்டிய நாள் முதல் அது திரும்பக் கிடைக்கும் நாள் வரை வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. மத்திய கலால் சட்டத்தில், 2014 ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு முன் கட்டிய டெபாசிட்டுக்கு, அப்பீல் உத்தரவு கிடைத்து மூன்று மாதம் கடந்த பின்னரே வட்டி ஓடத் தொடங்கும். அதன்பின் கட்டியவற்றுக்குத்தான் கட்டிய நாள் முதல் வட்டி என்ற விதி ஏற்பட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தகராறிலுள்ள வரி 2,00,000 ரூபாய். டெபாசிட் 20,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பணம் திரும்பினால் வட்டி 2,400 ரூபாய். உத்தரவு வந்த பின் கழிந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 200 ரூபாய்தான் கிடைக்கும். நாளை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில் 2,200 ரூபாய் அடங்கியிருக்கிறது!

ஆகவே மூன்று காரியங்களை மறவாதிருப்போம். பணம் கட்டிய சலானைப் பத்திரமாக வைத்திருத்தல். அப்பீல் உத்தரவு கிடைத்ததும் தாமதமின்றி விண்ணப்பித்தல். விண்ணப்பத்தில் கட்டிய தேதியைக் குறிப்பிட்டு, வட்டியையும் எழுத்து மூலம் கோருதல்.

வரியைத் தாமதமாகக் கட்டுவோரிடம் சர்க்கார் 18 சதவீதம் வட்டி வாங்குகிறது. அதைக் கட்டும் நாம், நமக்குரிய 6 சதவீதத்தைக் கேட்கத் தயங்குவானேன்? அது சலுகையன்று, உரிமை. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதைத் தம் ஊர்ச் சங்கங்களுக்கு எடுத்துரைப்பார்களாக.