முன்றிலுக்குத் தளமிடுமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இதைச் சொல்லிவைத்த பெரியவர் காலத்தில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இல்லை. இருந்திருந்தால் வாசல் தளத்துக்கென்று தனியாகவே ஒரு பழமொழி சொல்லியிருப்பார். சுவரையும் கூரையையும் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கும் நாம், முன்றில் தளத்தை மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முந்திய வாரத்தில் அவசரமாகப் போட்டு முடிக்கிறோம். அதன் அடியில் நாம் குடிக்கும் நீரும் கழிக்கும் நீரும் அருகருகே செல்கின்றன என்பதை எண்ணுவதில்லை. நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பல இந்நகரில் சொந்த வீடு கட்டிவருவதால், இதனைச் சற்று ஆராய்வது பயனுடையதென்று கருதுகிறேன்.

பெங்களூரில் 30 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள மனையே பெருவழக்கு. வீடு போக முன்புறம் எஞ்சுவது சில அடிகளே. அச்சிறு இடத்தில்தான் குடிநீர்க் குழாய் உள்ளே வருகிறது. கழிவுக் குழாய் வெளியே செல்கிறது. குடிநீரைச் சேமிக்கும் 'சம்ப்' என்னும் நிலத்தடித் தொட்டியும், கழிவுக் குழாயைத் திறந்து பார்ப்பதற்கான 'சேம்பர்' என்னும் குழியும் அங்கேயே அமைகின்றன. இவற்றின் மேல் காரும் நிற்கிறது. காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் மேலேற்றப்பட்டு நம்மை வந்தடைகிறது. இத்துணைப் பாடுபட்டுக் கொணர்ந்த நீர் கடைசிப் பத்தடியில் கெடலாமா?

இரு குழாய்களின் இயல்பு

குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்தால் ஓடுகிறது. ஆதலால் அது மேடு பள்ளங்களைப் பொருட்படுத்தாது. கழிவுக் குழாயோ புவியீர்ப்பு ஒன்றையே நம்பியிருப்பது. சரிவு குறைந்தால் கழிவு தேங்கும், தேங்கினால் அடைக்கும், அடைத்தால் இணைப்புகளின் வழியே மண்ணில் கசியும்.

குடிநீர்க் குழாயில் அழுத்தம் உள்ளவரை, ஓட்டையிருந்தாலும் நீர் வெளியேதான் கசியும். ஆனால் நம் நகரங்களில் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. விநியோகம் நின்றதும், குழாயில் எஞ்சிய நீர் தாழ்ந்த இடங்களை நோக்கி வடிகிறது. அப்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை விடக் குறையக்கூடும். உடனே அதே ஓட்டை, சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே உறிஞ்சுகிறது. அந்த ஈரம் சாக்கடையினுடையதானால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

1854-ஆம் ஆண்டில் லண்டனில், பிராட் தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காலராவால் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தெருக் கிணற்றின் நீரே காரணமென்று ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டினார். மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் கழிவுக் குழியின் செங்கற்சுவர் சிதைந்திருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் இடைவெளி மூன்றடிக்கும் குறைவு! தெருவில் நின்று பார்த்தவர் எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. நம் வீட்டுச் சம்பும் சேம்பரும் எத்தனை அடி இடைவெளியில் உள்ளன என்று அன்பர்கள் இன்றே அளந்து பார்க்கலாம்.

அளவுகள்

குடிநீர்ப் பெருங்குழாய்க்கும் சாக்கடைக்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும், அதற்கு இடமில்லையாயின் குடிநீர்க் குழாயின் அடிப்பாகம் சாக்கடையின் மேற்பாகத்தைவிட அரை மீட்டராவது உயரத்தில் இருக்கவேண்டும் என்றும் மத்திய அரசின் குடிநீர்க் கையேடு கூறுகிறது. 30 அடி மனையிலும் இதனைப் பின்பற்ற இயலும். குடிநீர்க் குழாயையும் சம்பையும் ஒரு பக்கவேலியை ஒட்டியும், கழிவுக் குழாயை மறுபக்கவேலியை ஒட்டியும் அமைத்தாற் போதும்.

4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1 என்பது சரிவுக்குரிய பழைய விதி. மனையின் நீளமும் 40 அடியாதலால் கணக்கு எளிது: பின்புறத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் 4 அங்குலக் குழாய் ஓரடி தாழவேண்டும். பின்புறத்தில் ஒன்றரை அடி ஆழமெனில், நிலம் மட்டமாயிருந்தால் வாசலில் இரண்டரை அடி ஆழம். கார் ஏறுவதற்கென்று வாசல் மண்ணை வெட்டித் தாழ்த்தினால், குழாயின் மேலுள்ள மண் போர்வை அந்த அளவுக்கு மெலியும். சக்கரத்தின் பளு குழாயின் மேல் இறங்கும். ஆகவே குழாயின் மட்டம் தெரிந்த பின்னரே தளத்தின் மட்டத்தை முடிவு செய்யவேண்டும்.

தளம் மூடியன்று, கதவு

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அழகு கெடுகிறதென்று சேம்பரின் மேலேயே கிரானைட் கல்லைப் பதித்துவிட்டார்கள். மழைக்காலத்தில் குழாய் அடைத்தது. சேம்பர் எங்கேயென்று எவருக்கும் நினைவில்லை. ஒன்பது கற்களை உடைத்தபின் அகப்பட்டது. தளம் என்பது நிலையாக மூடிவிடும் மூடியன்று, வேண்டும்போது திறக்கும் கதவு என்று கொள்வதே அறிவுடைமை. குழாய் செல்லும் பாதையின் மேல் மணற்படுகையில் பதிக்கும் இன்டர்லாக் கற்களைப் போடலாம். அவற்றைப் பெயர்த்து மீண்டும் அடுக்கலாம். கான்கிரீட்டையும் கிரானைட்டையும் மற்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சேம்பர் மூடி தளத்தோடு சமமாக, திறக்கும்படி இருக்கட்டும். சம்பின் வாயோ தளத்தைவிட அரையடியாவது உயர்ந்திருக்கட்டும்.

பள்ளம் மூடும்போது மண்ணை ஆறங்குல அடுக்குகளாகக் கொட்டி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கவேண்டும். இல்லையேல் ஒரு மழைக்காலத்தில் மண் அமர்ந்து, தளம் குழாய் வழியே நீளமாகக் குழிந்துவிடும். தளம் 50 அடிக்கு ஓரடி என்ற அளவில் வீட்டையும் சம்பையும் விட்டு விலகிச் சரியவேண்டும். அந்த மழைநீரைச் சேம்பரில் விடுவது பெருந்தவறு. பெருமழையில் சேம்பர் பொங்கி, வாசல் முழுதும் கழிவு பரவும். மழைநீருக்கு வேறு வழியும், கழிவுக் குழாயை விட்டு விலகிய உறிஞ்சு குழியும் வேண்டும்.

மரமும் குழாயும்

மரவேர் குழாயைத் தேடிச் சென்று உடைக்கிறது என்பர். உண்மை வேறு. நல்ல குழாயை வேர் அறியாது. கசியும் இணைப்பைச் சுற்றியுள்ள ஈரமே அதனை ஈர்க்கிறது. மயிரிழை போல் நுழைந்து, உள்ளே பருத்து, பிறகே பிளக்கிறது. சிமெண்டு பூசி இணைத்த பழைய மண் குழாய்களில் இது மிகுதி. ஆல், அரசு, அத்தி இனங்களுக்குச் சிறுமனையில் இடமில்லை. தென்னை, புங்கம் ஆகியவற்றைக் குழாய்களை விட்டு இயன்றவரை விலக்கி நடலாம். குழாயின் மேல் துளசி, கனகாம்பரம், புல் போன்றவை போதும்.

பள்ளங்களை மூடுமுன் குழாய்களில் நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். வீட்டு மூலையிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் சேம்பருக்கும் உள்ள தொலைவை நாடா கொண்டு அளந்து ஒரு வரைபடம் எழுதுங்கள், நிழற்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதனை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நாளை அவ்வீட்டில் வாழப்போகும் நம் பிள்ளைகளுக்குப் பத்திரம் மண்ணின் மேலுள்ளதைச் சொல்லும். இவ்வரைபடம் மண்ணின் கீழுள்ளதைச் சொல்லும்.