சுரைக்காய்க்குத் தண்ணீர் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "வெயில் காலத்தில் சந்தையில் கிடைப்பதெல்லாம் சுரை, பீர்க்கு, புடலை, பூசணி. வெறும் தண்ணீர்க் காய்கள், ருசியே இல்லை. கூட்டு வைத்தாலும் நீர்த்துப் போகிறது" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் காய்களை இப்படி ஆளாளுக்குப் பழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர்க் காய்தான், மறுக்கவில்லை. 100 கிராம் சுரைக்காயில் 90 கிராமுக்கு மேல் நீர். அப்படிப்பட்ட காயின் தலையில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் குக்கரில் விசில் விட்டால் ருசி எங்கே நிற்கும்?

தாளிப்பதெல்லாம் உனக்குத் தெரியும். பீர்க்கங்காயை மட்டும் சொல்கிறேன். கோடைச் சமையல் முழுவதையும் இந்த ஒரு காயில் கற்றுவிடலாம் என்பது என் கட்சி. பிஞ்சாகப் பார்த்து வாங்கு. முற்றினால் உள்ளே நார் கட்டிவிடும். அடிகனமான வாணலியில் தாளித்து, நறுக்கிய காயைப் போட்டு, மஞ்சள்தூளும் இரண்டு சிட்டிகை உப்பும் தூவி, மூடித் தீயைத் தணித்துவிடு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதே. சில நிமிடங்களில் மூடியின் உட்புறம் வேர்த்துச் சொட்டத் தொடங்கும். திறந்து பார்த்தால், குவியலாக இருந்த காய் பாதியாக வதங்கி, இளம்பச்சைச் சாற்றில் கிடக்கும். உப்பு இழுத்து வெளியே கொண்டுவந்த நீர் அது. அந்தச் சாறு காயைச் சுற்றியே வற்றும்போது அதன் இனிப்பும் அங்கேயே தங்கிவிடுகிறது. மீதி உப்பை அப்போது போடு. முதலிலேயே குவியலைப் பார்த்துப் போட்டால் பிறகு கரிக்கும். கூட்டென்றால், தனியே கெட்டியாக வேகவைத்த பாசிப்பருப்பையும் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதையும் சேர்த்து ஒரு கொதியில் இறக்கு. சீவிய தோலைக் குப்பையில் போடாதே! உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கொஞ்சம் புளியோடு வதக்கித் துவையல் அரை. சூடான சோறும் நல்லெண்ணெயும் இருந்தால் அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம்.

மாங்காயைத் துவரம்பருப்போடு ஒன்றாகப் போட்டதில் பருப்பு விறைத்தே நின்றது என்றாயே, அது மாங்காயின் குற்றமில்லை. புளிப்பில் பருப்பும் காயும் எளிதில் மசியாது. ஹெரால்ட் மெக்கீ என்ற அமெரிக்கர் 1984-இல் சமையலின் அறிவியலைப் பற்றி எழுதிய தடித்த புத்தகம் ஒன்று உண்டு. எங்கே பிரித்தாலும் எனக்கு அரைமணி நேரம் போய்விடும். காயின் செல்சுவர்களைப் பிணைத்து வைக்கும் பொருள்கள் புளிப்பில் கரைய மறுக்கின்றன என்று அதில் விளக்கியிருக்கிறார். காய் வெந்தபிறகு புளியைக் கரைத்து ஊற்றும் நம் வீட்டுப் பழக்கத்துக்குக் காரணமும் இதுதான். பருப்பு குழைந்தபின் மாங்காயைப் போடு.

கடைசியில் எழுதியிருந்ததைப் படித்து எனக்குப் பகீரென்றது. சுரைக்காய் கசந்தது, கசப்பு உடம்புக்கு நல்லதுதானே என்று சாப்பிட்டுவிட்டாயாம். யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? பாகற்காய் கசக்கவேண்டிய காய். சுரைக்காய் கசக்கக்கூடாத காய். அது கசந்தால் குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு அதில் ஏறியிருக்கிறது என்று பொருள். வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி வரை கொண்டுபோகும், முறிமருந்தும் கிடையாது. 2010-இல் தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் உயிரிழந்தார். பார்வைக்கு நல்ல காயும் கெட்ட காயும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் தூக்கி எறி. காசு போனால் போகட்டும். சாப்பிட்டபின் வயிற்றைப் பிரட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காதே, உடனே மருத்துவமனைக்குப் போ. உன் அறையில் இருப்பவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடு.