முதல் பிழை எங்கே?

இறுதியாண்டுத் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு. நேற்றுவரை ஓடிய சி பிளஸ் பிளஸ் நிரல், விசுவல் ஸ்டூடியோவில் எழுபது பிழைகளைக் காட்டுகிறது. உடனே கண்ணில் படும் வரிகளையெல்லாம் மாற்றிப் பார்க்கிறோம். விடிவதற்குள் நல்ல வரிகளும் கெட்டுவிடுகின்றன. (நானும் அப்படிக் கெடுத்தவன்தான்.)

எழுபது செய்திகள் என்றால் எழுபது தவறுகள் என்று பொருளன்று. ஹெடர் கோப்பொன்றில் வகுப்பு முடியுமிடத்தில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் போதும். அக்கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பிலும் செய்திகள் குவியும். தவறு ஓரிடம், புகார் வேறிடம்! ஆகவே முதல் செய்தியை மட்டும் படித்துத் திருத்தி, மீண்டும் தொகுத்துப் பாருங்கள். அந்த முதல் செய்தியைப் பிழைப் பட்டியலில் தேடாமல் வெளியீட்டுச் சாளரத்தில் தேடுவது நல்லது. அங்கேதான் செய்திகள் எழுந்த வரிசையில் இருக்கும்.

அடுத்து, குறை சொல்வது யார் என்று பாருங்கள். கம்பைலர் எனப்படும் தொகுப்பி, ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே மொழிபெயர்க்கிறது. லிங்கர் எனப்படும் இணைப்பி அவற்றை ஒன்றாக்குகிறது. பிழையெண் 'சி' என்று தொடங்கினால் தொகுப்பியின் புகார். 'எல்என்கே' என்று தொடங்கினால் இணைப்பியின் புகார். பலர் இரவை இழப்பது இவ்வேறுபாடு தெரியாமல்தான். இணைப்பி பேசுகிறது என்றால் அந்தத் திட்டத்தின் இலக்கணம் சரியாகிவிட்டது; இனி அரைப்புள்ளி தேடிப் பயனில்லை. எல்என்கே 2019 கேட்பது இதைத்தான்: "இப்படியொரு செயற்கூறு உண்டென்று அறிவித்தீர்கள், அழைத்தும் இருக்கிறீர்கள், அதன் உடல் எங்கே?" எழுத மறந்திருப்பீர்கள், எழுதிய கோப்பைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது நூலகக் கோப்பின் பெயரை இணைப்பியிடம் தந்திருக்க மாட்டீர்கள். 64 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகத்தைக் கொடுத்தாலும் இதே செய்தி வரும். அப்போது எல்என்கே 4272 என்ற எச்சரிக்கையும் கூடவே தோன்றும். எச்சரிக்கைகளைத்தான் நாம் படிப்பதே இல்லையே!

"என் மடிக்கணினியில் ஓடியதே, ஆய்வுக்கூடத்தில் ஏன் ஓடவில்லை?" என்பது வேறு கதை. அங்கே சி 1083 வந்தால், ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் திட்ட அமைப்புகளில் உங்கள் மடிக்கணினியின் முழுப்பாதையே பதிந்திருக்கும். அதைத் திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்கும் பாதையாக மாற்றுங்கள். பிறகு கோப்புறை முழுவதையும் ஒரு நண்பரின் கணினியில் படியெடுத்து, முதலிலிருந்து தொகுத்துப் பாருங்கள். இதை ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.