ஊர் கூடிக் கட்டும் வீட்டுக்கு எதைப் படிப்பது?

கிராமத்து ஏழைகள் தங்களுக்குள் கூடிக் கட்டிக்கொள்ளும் சிக்கன வீடுகளுக்குத் துணைநிற்க விரும்புகிறோம், அதற்கு எதைப் படிக்கலாம் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வரும்போது, கேட்பதற்கு முன்பே விடை தயாராகிவிட்டிருப்பதைக் கவனிக்கிறேன்: மண்வீட்டுப் படங்களைக் கண்டு மயங்கிய பிள்ளைக்கு பி.ஆர்க்., கல்யாணப் பத்திரிகையை மனத்தில் வைத்திருக்கும் தகப்பனாருக்கு பி.இ.

பி.இ. நான்கு வருஷம், பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருஷம், ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பிரிவு ஒரு வருஷம் என்பதெல்லாம் யாவரும் அறிந்ததே. அரசாங்க உத்தியோகத்தை நாடுவோர் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. நான் எச்சரிக்க நினைப்பது ஐந்து வருஷப் பி.ஆர்க். மோகத்தை.

கட்டடக்கலைச் சாஸ்திரத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் கடன் வாங்கிப் படித்து முடித்தவன், தவணை கட்டுவதற்காகவே பட்டணத்து மாளிகைகளுக்கு உள் அலங்காரம் வரையப் போய்விடுவதையும், ஊரில் காத்திருப்பதோ 25 சதுர மீட்டர் வீடு என்பதையும் பார்க்கிறேன். 2016-இல் வந்த பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம் ரூபாய் உதவியாக நிர்ணயமாயிற்று. அதையும் கட்டம் கட்டமாகவே தருவார்கள். கான்டிராக்டரை விடாமல் பயனாளியே கட்ட வேண்டும் என்பது விதி. அங்கே கணினிச் சித்திரத்துக்கு என்ன பிரயோஜனம்?

சிக்கன வீடுகளுக்குப் பேர்போன லாரி பேக்கரும் ஆர்க்கிடெக்ட்தானே என்பார்கள். வாஸ்தவம். பர்மிங்ஹாமில் படித்த அவர், இமயமலைச் சாரலில் பித்தோராகட்டில் குடியேறிய பிற்பாடு, கையில் கிடைத்த கல்லும் மண்ணும் தாம் கற்ற பாடத்துக்கு அடங்காமை கண்டு, மலைவாசிகள் கட்டும் முறையை அவர்களிடமே கற்றார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டை அவர் கேரளத்தில் பரப்பியது அதற்குப் பின்னர். 1985-இல் திருச்சூரில் தோன்றி, அவர் பாணியைத் தொடரும் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பிலும், ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டின் குறுகிய காலப் பயிற்சிகளிலும், கையில் மண் படாமல் எதுவும் வராது.

என் அபிப்பிராயத்தில், முதல் கல்விச்சாலை ஒரு நல்ல மேஸ்திரியின் பக்கம்தான். நான் அங்கே பழகியவன் என்பதால் பட்சபாதம் இருக்கலாம். மட்டம் பார்க்க நீர் நிரப்பும் மட்டக்குழாயில் ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் நான்கு மூலையும் தப்பாகிவிடும். எனக்குக் கற்பித்த மேஸ்திரி, குழாயைத் தூக்கிப் பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றி, நீர் அசைவற்று நின்ற பிறகே சுவரில் கோடு கிழிப்பார். சித்தாள்கள் முணுமுணுத்தாலும் அவசரப்படமாட்டார்.

இந்தப் பொறுமை சுபாவத்தில் இருக்கிறதா என்பதைப் பெற்றோர் முதலில் பார்க்கட்டும். அறுப்புக் காலத்தில் உதவிக்கு ஆள் வராமல் அரைச்சுவரோடு நிற்கும் வீட்டைச் சகிக்கவும், அடுப்பு எந்த மூலையில் என்று ஒரு பாட்டி பொழுதெல்லாம் வாதாடினால் கேட்டுக்கொண்டிருக்கவும் இயலாதவனுக்கு எந்தப் பட்டமும் உதவாது. இந்தக் கோடையில் கடைக்கால் தோண்டும் வீடு ஒன்றில் பையன் சித்தாளாகச் சேர்ந்து, தளம் போடும் நாள்வரை இருக்கட்டும். அதன் பிறகும் பி.ஆர்க். தான் வேண்டுமென்றால், அதற்கான நாட்டா நுழைவுப் பரீட்சை அடுத்த வருஷமும் நடக்கும்.