வாங்குவதும் நம் கையில், வாங்காமல் இருப்பதும் நம் கையில்



சேமிப்பு, சந்தா, உள்கடன் எல்லாம் நமக்குப் பழகிப்போன விஷயங்கள். இந்த மாதப் பாடம் நம்மிடம் இருக்கும் இன்னொரு பலத்தைப் பற்றியது. நாம் கடையில் கொடுக்கும் காசுதான் அந்தப் பலம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு குழுவில் 12 பேர். ஒரு வீட்டுக்கு சோப்பு, ஷாம்பு, பவுடர் என்று மாதம் 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு மாதம் 2,400 ரூபாய். 10 குழுக்களுக்கு 24,000 ரூபாய். வருஷத்துக்கு 2,88,000 ரூபாய்! நம்ம திருவரங்குளம் ஒன்றியம் முழுக்க எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இவ்வளவு பணத்தைக் கொடுக்கிற நாம் கம்பெனியைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாதா?

புறக்கணிப்பு என்றால் என்ன?

ஒரு கம்பெனி தப்பு செய்கிறது. திருத்திக்கொள் என்கிறோம். கேட்கவில்லை. திருந்தும் வரை அதன் பொருளை வாங்க மாட்டோம் என்று பலர் சேர்ந்து முடிவு எடுக்கிறோம். இதுதான் நுகர்வோர் புறக்கணிப்பு. சுதந்திரப் போராட்டத்தில் பெண்கள் அந்நியத் துணிக் கடைகள் முன்னால் மறியல் செய்ததும் இதே வழிதான். ஒருத்தி மட்டும் நிறுத்தினால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் பேர் நிறுத்தினால் கடைக்காரருக்குத் தெரியும். லட்சம் பேர் நிறுத்தினால் முதலாளிக்குத் தூக்கம் வராது.

பால் பவுடர் கதை

1970-களில் நெஸ்லே போன்ற கம்பெனிகள் ஏழை நாடுகளில் குழந்தைப் பால் பவுடரை மும்முரமாக விற்றன. நர்ஸ் மாதிரி உடை போட்ட விற்பனைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து இலவச டப்பா கொடுத்தார்கள். அது தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு போதாமல் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, பல குழந்தைகள் இறந்தன.

1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. அது மற்ற நாடுகளுக்கும் பரவியது. 1981-ல் உலக சுகாதார அமைப்பின் கூட்டத்தில் தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் உணவுகளுக்கு விதிமுறை வந்தது. 1984-ல் அந்த விதிகளை ஏற்பதாக நெஸ்லே ஒப்புக்கொண்டது, புறக்கணிப்பு நின்றது. சொன்னபடி நடக்கவில்லை என்று 1988-ல் மறுபடியும் ஆரம்பித்தார்கள். வாக்கு வாங்கினால் மட்டும் போதாது, கண்காணிக்கவும் வேண்டும் என்பது இதில் பாடம்.

இந்தியாவில் 1992-ல் சட்டமே வந்துவிட்டது. பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவில் அச்சடிக்க வேண்டும். அடுத்த முறை டப்பாவைப் பார்க்கும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எங்கேயோ முகம் தெரியாத அம்மாக்கள் போராடியதும் அதற்கு ஒரு காரணம்.

கோலா கதை

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நடந்த போராட்டம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது பெப்சி, கோக் வேண்டாம் என்ற குரலும் எழுந்தது. நிலத்தடி நீரையும் தாமிரபரணித் தண்ணீரையும் இந்தக் கம்பெனிகள் உறிஞ்சுகின்றன என்பது குற்றச்சாட்டு. வணிகர் சங்கங்கள் 2017 மார்ச் 1 முதல் இந்தப் பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தன. சின்னக் கடைகளில் பொவன்டோவும் பன்னீர் சோடாவும் முன்னால் வந்தன.

ஆனால் மறுநாளே, மார்ச் 2-ல், கம்பெனிகள் தாமிரபரணித் தண்ணீர் எடுப்பதை எதிர்த்த வழக்குகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் பலவும் விற்பனையை நிறுத்தவில்லை. நாளாக நாளாக வேகம் குறைந்தது. இன்றைக்கு எந்தக் கடையிலும் அந்தப் பாட்டில் கிடைக்கிறது.

ஏன் நிலைக்கவில்லை? கோபம் இருந்தது. ஆனால் "இன்னதைச் செய், நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்" என்ற ஒரே தெளிவான கோரிக்கை இல்லை. யார் தொடர்ந்து கவனிப்பது என்ற ஏற்பாடும் இல்லை. கோபம் வைக்கோல் தீ மாதிரி, எரியும்போது பெரிசா எரியும், சீக்கிரம் அணைந்துவிடும். அடுப்பு எரிய விறகு வேண்டும்.

திண்டுக்கல் கதை

நம் பக்கத்துப் பிள்ளைகளும் மில் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். அதனால் இது நம் வீட்டுக் கதை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவர் வேலை பார்த்த இடத்து மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆலையில் பாலியல் தொல்லை இருப்பதாகப் பெண்கள் வெளியே சொன்னார்கள். அங்கே தைத்த துணி எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போனது.

பெண்கள் தலைமையில் நடக்கும் ஒரு தொழிலாளர் சங்கம் வெளிநாட்டு அமைப்புகளோடு கைகோர்த்துப் போராடியது. "ஆர்டரை நிறுத்திவிட்டுப் போய்விடு" என்று அவர்கள் கேட்கவில்லை. அப்படிப் போனால் வேலை இழப்பது அந்தப் பெண்கள்தானே! "பொறுப்பு எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு" என்று கேட்டார்கள். 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும் எச் அண்ட் எம் கம்பெனியும் ஒப்புக்கொண்டன. பிறகு வேறு சில பெரிய கம்பெனிகளும் சேர்ந்தன.

அதன்படி 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தொழிலாளர்களிலிருந்தே வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை மீறினால் வாங்கும் கம்பெனி ஆர்டரில் கை வைக்கும். முதல் வருஷத்தில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. முன்பு வாய் திறக்கப் பயந்த பெண்கள் தைரியமாகப் புகார் சொன்னார்கள் என்பதுதான் இதில் பெரிய மாற்றம்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. உண்மையை விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மட்டும் நம்பி எந்தப் பொருளையும் ஒதுக்காதீர்கள். பல செய்திகள் போட்டிக் கம்பெனி கிளப்பிவிட்டதாகக்கூட இருக்கலாம்.

2. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். எதைத் திருத்தினால் மறுபடி வாங்குவோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

3. முதலில் புகார், பிறகு புறக்கணிப்பு. எடை குறைவு, காலாவதி, கூடுதல் விலை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பில் வாங்கி வைத்திருந்தால் பேச்சுக்குப் பலம்.

4. அடிபடுவது யார் என்று யோசியுங்கள். நம்ம ஊர் கடைக்காரரும், ஆலையில் வேலை செய்யும் பிள்ளையும் நம் எதிரிகள் இல்லை.

5. ஆளை ஒதுக்குவது வேறு, பொருளை ஒதுக்குவது வேறு. ஒரு சாதிக்காரர் கடையில், ஒரு மதத்தார் கடையில் வாங்காதே என்று யாராவது சொன்னால் குழு அதற்குத் துணை போகக் கூடாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களை அப்படி ஒதுக்கி வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழு வீடுகளில் அதிகமாக வாங்கும் ஐந்து பொருட்கள் எவை? மாதம் எவ்வளவு செலவு?

• அவற்றில் நம் கூட்டமைப்புக் குழுக்களே தயாரிக்கக் கூடியவை எவை?

• நம் ஊரிலிருந்து மில் வேலைக்குப் போயிருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த ஆலையில் புகார் கமிட்டி இருக்கிறதா? தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது சிலேட்டும் சைக்கிளுமாகக் கிளம்பிய பெண்கள் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள். சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது காசோடு ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போவோம், சகோதரிகளே!